எண்ணும் விரலும் ஏவும் விரலும்



சென்ற ரமளான் முடிந்து சில வாரங்கள் கழித்து, ஓர் இரவு நம் மஹல்லாப் பள்ளிவாசலில் இஷா ஜமாஅத் நிறைவுற்றிருந்தது. இமாம் ஸலாம் கொடுத்தபின் மக்கள் அமர்ந்த இடத்திலேயே தஸ்பீஹ் ஓதிக்கொண்டிருந்தனர். மின்விசிறிகளின் ஓசையன்றி வேறு ஒலி இல்லை. அப்போது மூன்றாவது ஸஃப்பிலிருந்து ஒரு திரைப்படப் பாடல் உரக்க எழுந்தது.

கல்லூரியில் பயிலும் ஓர் இளைஞரின் சட்டைப் பையிலிருந்துதான் அது வந்தது. அவர் கைபேசியைத் தொடவில்லை. அழைப்பு எதுவும் வரவுமில்லை. பள்ளிக்குள் நுழையுமுன் முறையாக அதைச் சைலண்ட் நிலையில் வைத்திருந்தார். ஆனால் அந்நிலை அழைப்பு மணியை அடக்குமே தவிர, பாடலை அடக்காது. நம்மில் பலரைப் போல அவரும் கடிகாரத்தை வலக்கையில் கட்டுபவர். அந்தக் கையின் பெருவிரலால் விரற்கணுக்களைத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தார். பெருவிரலும் சுட்டுவிரலும் அடுத்தடுத்து இருமுறை தொட்டுக்கொண்டதை, 'பாட்டை ஓடவிடு' என்னும் கட்டளையாகக் கடிகாரம் எடுத்துக்கொண்டுவிட்டது.

அவர் பதறிக் கைபேசியை எடுத்து நிறுத்துவதற்குள் பத்து வினாடிகள் கடந்திருக்கும். "இது பள்ளிவாசலா, சினிமாக் கொட்டகையா?" என்று முன்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் கேட்டார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், நாமும் பார்த்தோம். அந்தப் பார்வையில் கனிவு இருந்ததாகச் சொல்ல முடியாது. அவ்விளைஞர் சுன்னத்தும் வித்ரும் தொழாமல் எழுந்து வெளியேறினார். அதன்பின் இரண்டு வாரங்களுக்கு அவரை அங்கே காணவில்லை.

இந்நிகழ்ச்சியே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. உடலில் அணிந்துகொண்டு, சைகையால் இசையை ஏவும் கருவிகள் எங்கோ மேலைநாட்டு அரங்குகளில் இருப்பவை என்றுதான் நாமும் எண்ணியிருந்தோம். அவை நம் ஸஃப்பில் வந்து அமர்ந்துவிட்டன.

கருவி என்ன செய்கிறது என்பதை முதலில் விளங்கிக்கொள்வோம். 2023ஆம் ஆண்டு ஆப்பிள் நிறுவனம் தன் கைக்கடிகாரத்தில் பெருவிரலையும் சுட்டுவிரலையும் இருமுறை தட்டி ஏவும் வசதியை அறிமுகம் செய்தது. மறு ஆண்டில் சாம்சங் கடிகாரத்திலும் இரு விரல்களை இருமுறை கிள்ளும் சைகை வந்தது. அழைப்பை ஏற்பது, அலாரத்தை நிறுத்துவது, பாடலை ஓடவிடுவது ஆகியவை இவற்றின் வேலைகள். கடிகாரத்துக்கு விரல்களைப் பார்க்கும் கண் கிடையாது. விரல்கள் தொடும்போது மணிக்கட்டில் நேரும் நுண்ணிய அதிர்வை முடுக்கமானியும் கைரோஸ்கோப்பும் உணர்கின்றன. நாடித்துடிப்பை அளப்பதற்காகத் தோலின்மேல் விழும் ஒளி, அக்கணத்தில் இரத்த ஓட்டத்தில் உண்டாகும் சிறு மாற்றத்தையும் காட்டிக்கொடுக்கிறது. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்து, 'இவர் விரலைத் தட்டினார்' என்று அது ஊகிக்கிறது.

அசைவு மட்டுமே அதற்குத் தெரியும்; எதற்காக அசைந்தது என்பது தெரியாது. நிய்யத்தைப் பற்றிய நபிமொழியை மக்தபில் மனனம் செய்த நமக்கு, ஒரே செயல் எண்ணத்தால் வேறாகும் என்பது புதிய செய்தியன்று. கடிகாரத்துக்கு அந்த வேறுபாடு இல்லை. அதனிடத்தில் தஸ்பீஹும் பாட்டும் ஒரே சைகை.

கையசைவால் இசையை எழுப்பும் முயற்சிக்கு நூறாண்டு வயது ஆகிறது. 1920ஆம் ஆண்டளவில் ரஷ்ய இயற்பியலாளர் லெவ் தெரமின் தம் பெயராலேயே வழங்கும் ஒரு கருவியைச் செய்தார். அதைத் தொடவே வேண்டியதில்லை. இரண்டு கம்பிகளின் அருகே கைகளை அசைத்தால் போதும். ஒரு கை சுருதியை உயர்த்தித் தாழ்த்தும், மற்றது ஒலியைக் கூட்டிக் குறைக்கும். 1922இல் அவர் அதை லெனினுக்கு வாசித்துக் காட்டினார். இந்த மனிதரைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. அதைப் பின்னர் சொல்வோம்.

கருவியைக் கையிலேயே அணிவது அதற்கு வெகுகாலம் பின்னர் வந்தது. 1984இல் ஆம்ஸ்டர்டாமில் மிஷெல் வைஸ்விஸ் என்பவர் இரு கைகளிலும் பூட்டிக்கொள்ளும் கருவி ஒன்றை மேடையேற்றினார். 1991இல் லெட்டிஷியா சோனாமி என்னும் கலைஞர் பாத்திரம் துலக்கும் இரப்பர் கையுறையில் காந்த உணரிகளை ஒட்டித் தம் கருவியைச் செய்துகொண்டார். அடுக்களையிலிருந்து புறப்பட்ட கண்டுபிடிப்பு என்பதால் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பிரிட்டனின் இமோஜன் ஹீப் தம் குழுவினருடன் உருவாக்கிய 'மிமு' கையுறைகளில் விரல்களின் வளைவை அளக்கும் உணரிகளும், கையின் திசையை அறியும் உணரியும், அணிந்தவருக்கு மெல்லிய அதிர்வால் பதில் சொல்லும் சிறு மோட்டாரும் உண்டு. பெருமூளை வாதத்தால் கிட்டார் வாசிப்பது கடினமாகிப்போன கிரிஸ் ஹால்பின் என்னும் பிரிட்டிஷ் இசைக்கலைஞர் அந்தக் கையுறைகளின் உதவியால் மீண்டும் மேடையேறினார். கருவியின் வேறொரு முகம் இது. அதற்கும் திரும்பி வருவோம்.

இவ்விடத்தில் வாசகர்கள் ஒன்று கேட்பார்கள்: இசையே கூடுமா, கூடாதா என்ற கேள்வி இருக்க, அதை ஏவும் கருவியைப் பற்றி என்ன பேச்சு? அக்கேள்விக்கு இங்கே தீர்ப்புச் சொல்ல நாம் முற்படவில்லை; அது ஆலிம்களின் பணி. இமாம் கஸ்ஸாலி தம் இஹ்யாவில் செவிமடுத்தலுக்கென்றே ஒரு தனி நூற்பகுதியை ஒதுக்கி, எது, யாருக்கு, எந்நிலையில் என்று விரித்துப் பேச வேண்டியிருந்தது என்பதே அது ஒரு வரியில் முடியும் விவகாரம் அன்று என்பதைக் காட்டும். தஃப் மட்டும் போதும் என்ற வீடுகளும், நாகூர் ஹனீஃபாவின் குரல் ஒலிக்காமல் நோன்பு மாதம் நிறையாது என்ற வீடுகளும், எந்த இசைக்கருவியும் வேண்டாம் என்று பேணி வாழும் வீடுகளும் நம் ஊர்களில் அடுத்தடுத்த தெருக்களில் உள்ளன. ஒன்பதாம் நூற்றாண்டுப் பக்தாதில் பனூ மூஸா சகோதரர்கள் தானே ஊதும் குழற்கருவியைச் செய்தார்கள் என்பதையும் சிலர் இத்தகைய இடத்தில் பெருமையாக எடுத்து வைப்பார்கள். செய்தது உண்மைதான். ஆனால் முன்னோர் செய்தார்கள் என்பது நம் வீட்டுப் பிள்ளை எதைக் கையில் கட்டிக்கொள்ளலாம் என்பதற்கு விடையாகாது.

நாம் கேட்பது வேறு. ஓடுவது திரைப்பாடலாயினும் கிராஅத்தாயினும், விரல் நுனியில் எவரும் அறியாமல் அதை ஏவவும் நிறுத்தவும் முடிகிற வசதி நம்மை என்ன செய்கிறது?

நம் மாமியின் நிலையிலிருந்து தொடங்குவோம். மூன்றாண்டுகளுக்கு முன் பக்கவாதம் வந்து அவருடைய வலப்பக்கம் செயலிழந்தது. நாவும் சற்றுக் குழறும் என்பதால், குரலால் ஏவும் கருவிகளுக்கு அவர் பேச்சு விளங்குவதில்லை. கைபேசியைக் கையில் பிடித்தால் தொடுவதற்கு விரல் இல்லை. தொட வேண்டுமானால் யாரேனும் பிடித்துக்கொள்ள வேண்டும். இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் ஸூரா யாஸீனைக் கேட்க விரும்புவார். அதற்காக மருமகளை எழுப்ப வேண்டும். "எழுப்புவதற்கு வெட்கமாக இருக்கிறது" என்று எத்தனையோ இரவுகளைப் பேசாமல் கழித்ததாகப் பின்னர்தான் சொன்னார்.

மகன் ஒரு கடிகாரத்தை வாங்கி அவருடைய இடக்கையில் கட்டினார். வலக்கை இயங்காதவருக்கு, இடக்கையில் கட்டிய கடிகாரத்தின் திரையைத் தொடவும் வழியில்லை. ஆனால் அதே இடக்கையின் விரல்களைச் சேர்த்தால், அல்லது கைமுட்டியை மடக்கினால் அது கேட்கும். கையிழந்தோரையும் கை முடங்கியோரையும் கருதியே ஆப்பிள் நிறுவனம் இவ்வசதியை முதலில், 2021இல், வெளியிட்டது. எல்லாருக்குமான விரல்தட்டும் சைகை அதன்பின் இரண்டாண்டுகள் கழித்தே வந்தது. முடியாதவருக்காகப் பிறந்ததுதான் பின்னர் முடிந்தவருக்கும் சொகுசாயிற்று. எனவே, 'இக்கருவிகள் எல்லாம் வீண் ஆடம்பரம்' என்று ஒரே சொல்லில் ஒதுக்குவோருடன் நாம் உடன்படவில்லை. இரவில் ஒரு முதியவர் எவரையும் எழுப்பாமல் குர்ஆனைக் கேட்பது ஆடம்பரமன்று.

மாமிக்கு ஒரே ஒரு குறை இருந்தது. "தஸ்பீஹ் எண்ணத் தொடங்கினால் காரி நின்றுவிடுகிறார்" என்றார். ஓதுவது நிற்கும், பின் தானே தொடங்கும், மீண்டும் நிற்கும். கடிகாரம் பழுதாகிவிட்டது என்று வீட்டில் எல்லாரும் நினைத்திருந்தார்கள். பள்ளிவாசலில் நிகழ்ந்ததைக் கண்டபிறகுதான் நமக்குக் காரணம் விளங்கிற்று.

இனி உடல்நலமுள்ள நம்மைப் பற்றி. ஒரு காலத்தில் வீட்டில் ஒரு டேப்ரிக்கார்டர் இருந்தது. பொத்தானை அழுத்தும்போது எழும் 'டக்' என்ற ஓசை வீடு முழுவதும் கேட்கும். யார் எதைப் போடுகிறார் என்பது எல்லாருக்கும் தெரியும். உம்மா ஓதிக்கொண்டிருந்தால் வைக்க மாட்டோம்; பக்கத்து வீட்டில் மௌத் என்றால் ஒரு வாரத்துக்கு அதன் பக்கமே போக மாட்டோம். எழுந்து, நடந்து சென்று, பொத்தானை அழுத்தும் அந்தச் சிறு சிரமத்துக்குள் 'இப்போது இது வேண்டுமா?' என்ற கேள்வி நுழைய இடம் இருந்தது. அக்காலமே பொற்காலம் என்று நாம் பாடப் போவதில்லை. நாடா சிக்கிக்கொண்டால் பென்சிலைச் செருகிச் சுற்றிய எரிச்சலும் நினைவிருக்கிறது. ஆனால் அந்த இடைவெளி இன்று இல்லை. விரல் தொட்ட மாத்திரத்தில் ஒலி வருகிறது; மனம் கேட்டதா, பழக்கம் கேட்டதா என்று பிரித்தறிய நேரமில்லை.

மறைவு இதனினும் கடியது. காதில் இயர்பட்ஸ், மணிக்கட்டில் கடிகாரம். எதிரே அமர்ந்து வாப்பா பேசுகிறார். பிள்ளை தலையசைக்கிறது. அந்த அசைவு வாப்பாவுக்கா, கருவிக்கா? 2024 முதல் ஆப்பிளின் இயர்பட்ஸ் தலையசைப்பையும் கட்டளையாக ஏற்கிறது. மேலும் கீழும் அசைத்தால் அழைப்பை ஏற்கும், பக்கவாட்டில் அசைத்தால் மறுக்கும். மேசைக்கு அடியில் விரலைத் தட்டினால் பாட்டு நிற்கும். மீண்டும் தட்டினால் தொடங்கும். பேசுபவருக்குத் தாம் எப்போது கேட்கப்பட்டோம், எப்போது கேட்கப்படவில்லை என்பதே தெரியாது. நபி (ஸல்) அவர்கள் ஒருவர் பக்கம் திரும்பினால் முகத்தை மட்டும் திருப்பாமல் முழு உடலோடும் திரும்புவார்கள் என்று அவர்களுடைய தோற்றத்தையும் பண்புகளையும் விவரிக்கும் அறிவிப்புகளில் படிக்கிறோம். பேசுபவருக்கு ஒரு காதை மட்டும் கொடுக்கும் பழக்கம் எங்கே, அது எங்கே?

இதைப் பிள்ளைகளிடம் மட்டும் சொல்வது நேர்மையாகாது. வாகனம் ஓட்டும்போது காதில் செருகிக்கொண்டு, மனைவி சொல்லும் மளிகைப் பட்டியலுக்கு 'உம்' கொட்டும் வாப்பாக்களும் நம்மிடையே உள்ளனர்.

தெரமினைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டியிருந்தது அல்லவா? தொடாமல் இசைக்கும் கருவியைச் செய்த அதே மனிதர், பின்னாளில் சோவியத் அரசின் பிடியிலிருந்தபோது ஓர் ஒட்டுக்கேட்கும் கருவியையும் செய்தார். 1945இல் சோவியத் பள்ளிச் சிறுவர்கள் மாஸ்கோவிலிருந்த அமெரிக்கத் தூதருக்கு மரத்தில் செதுக்கிய அமெரிக்க அரசு முத்திரை ஒன்றைப் பரிசாக அளித்தனர். அழகிய அந்த முத்திரை தூதரின் இல்லத்துச் சுவரில் ஏழாண்டுகள் தொங்கியது. அதற்குள் தெரமினின் கருவி இருந்தது. மின்கலம் இல்லை, மின்கம்பி இல்லை. வெளியிலிருந்து வானொலி அலையைச் செலுத்தினால் அறையில் நிகழும் பேச்சை அது சுமந்து செல்லும். 1952இல்தான் அமெரிக்கர் அதைக் கண்டுபிடித்தனர்.

இது வெறும் சுவைக்காகச் சொன்ன கதையன்று. சைகையைப் புரிந்துகொள்ளும் கருவி இடைவிடாமல் நம்மைக் கவனித்துக்கொண்டிருந்தால்தான் புரிந்துகொள்ள முடியும். பாட்டை நிறுத்தும் ஒரு தட்டலைப் பிடிப்பதற்காக, தட்டாத மற்ற நேரமெல்லாம் அது மணிக்கட்டின் மீது காதை வைத்திருக்கிறது. 2025 செப்டம்பரில் மெட்டா நிறுவனம் தன் கண்ணாடியுடன் அறிமுகப்படுத்திய மணிக்கட்டுப் பட்டை இன்னும் ஒருபடி உள்ளே செல்கிறது. விரல்களை அசைக்கும் தசைகளில் எழும் மின்குறிப்புகளையே அது படிக்கிறது. விரல்களைக் கிள்ளியபடி மணிக்கட்டைத் திருப்பினால், குமிழைத் திருகியது போல ஒலி கூடும், குறையும். வியப்பான நுட்பம்தான். ஆனால் கை நடுங்குகிறதா, தளர்ந்திருக்கிறதா, இரவில் எத்தனை மணிக்கு விழித்தது என்பதையெல்லாம் மணிக்கட்டில் கட்டிய கருவிகளால் அறிய முடியும். அவற்றில் எவை கருவிக்குள்ளேயே தங்கும், எவை நிறுவனத்துக்குச் செல்லும் என்பது வாங்கும்போது நாம் படிக்காமல் 'சம்மதம்' என்று அழுத்தும் பக்கங்களில் இருக்கிறது.

துருவித் துருவி ஆராய்வதை ஸூரா ஹுஜுராத் தடுக்கிறது. பிறரைத் துருவக் கூடாது என்று மட்டுமே அதை நாம் விளங்கி வந்திருக்கிறோம். நம்மையும் நம் மக்களையும் துருவுவதற்குக் காசு கொடுத்து வழிவிடலாமா என்பதும் அதனோடு சேர்ந்து எண்ணத்தக்கது. அமெரிக்காவில் கொலராடோ, கலிபோர்னியா ஆகிய மாநிலங்கள் 2024இல் நரம்புக் குறிப்புகளைத் தனியே பாதுகாக்கச் சட்டம் செய்தன. மூளை மட்டுமன்றி உடலெங்கும் ஓடும் நரம்புகளும் அவற்றில் அடங்கும். நம் நாட்டின் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உடற்குறிப்புகளுக்கென்று அத்தகைய தனிவகுப்பு இல்லை. எனினும் 18 வயது நிறையாத பிள்ளையின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்று அது சொல்கிறது. சட்டம் நம் கையில் கொடுத்திருக்கும் அந்தச் சம்மதத்தைப் பிள்ளை கேட்டவுடன் கைபேசியை வாங்கி அழுத்திக் கொடுத்துவிடுகிறோம்.

விரல்களால் எண்ணி திக்ர் செய்யுமாறும், அவ்விரல்கள் மறுமையில் விசாரிக்கப்பட்டுப் பேசவைக்கப்படும் என்றும் நபி (ஸல்) அவர்கள் பெண்களுக்கு அறிவுறுத்திய செய்தி அபூதாவூதிலும் திர்மிதியிலும் இடம்பெறுகிறது. வாய்கள் முத்திரையிடப்பட்டுக் கைகள் பேசும் நாளை, மாமி கேட்டுக்கொண்டே உறங்கும் அந்த யாஸீனும் சொல்கிறது. இவற்றை எத்தனையோ முறை ஓதியிருக்கிறோம். கை எதை அறியும், என்ன சொல்லும் என்று ஒரு கைக்கடிகாரம் வந்துதான் நம்மை எண்ண வைக்க வேண்டியிருந்தது என்பதில் சற்று வெட்கம் உண்டு.

அந்த இளைஞரைத் தேடி அவருடைய வீட்டுக்கே சென்றோம். வாப்பா வெளிநாட்டில் இருக்கிறார். உம்மா தேநீர் கொடுத்துவிட்டு, "பிள்ளை ரெண்டு வாரமா சரியாகச் சாப்பிடவில்லை" என்றார். இளைஞர் தொழுகையை விடவில்லை. பேருந்து நிலையத்துக்கு அருகிலுள்ள வேறு பள்ளிக்குச் சென்றுகொண்டிருந்தார். முதலில் பேசவில்லை. பிறகு சொன்னார்: "மாமா, நான் விளையாடவில்லை. எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். 23 வரைக்கும் வந்துவிட்டேன்."

அதற்கு என்ன விடை சொல்வது? அன்று திரும்பிப் பார்த்தவர்களுள் நாமும் ஒருவர் என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டோம். அந்தச் சைகை தம் கடிகாரத்தில் ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருப்பதே அந்த இரவு வரை தமக்குத் தெரியாது என்றார். வாங்கியவரைக் கேட்காமலே செயல்படத் தொடங்கிவிடும் வசதிகளில் இதுவும் ஒன்று. செட்டிங்ஸில் சைகைகள் என்ற பிரிவைத் திறந்து அதை நிறுத்தும் வழியை நமக்கும் காட்டினார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. பள்ளிவாசல் வாயிலில் 'செல்போனை அணைக்கவும்' என்றிருக்கும் பலகையில் கடிகாரத்தையும் சேர்த்து எழுத நிர்வாகத்திடம் கூறியிருக்கிறோம். இதுவரை எழுதப்படவில்லை. ஆயினும் அவர் மறுநாள் இஷாவுக்கு வந்தார். சினிமாக் கொட்டகையா என்று கேட்ட பெரியவர் தம் அருகில் இடம் ஒதுக்கி அமர்த்திக்கொண்டார்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் அவரை மாமியின் வீட்டுக்கு அழைத்துச் சென்றோம். கடிகாரத்தைப் பார்த்தவர், இதில் சைகையை முழுவதும் நிறுத்தத் தேவையில்லை, எந்தச் சைகைக்கு எந்த வேலை என்று நாமே பிரித்துக் கொடுக்கலாம் என்றார். விரல்களைச் சேர்க்கும் சைகைக்கு இருந்த வேலையை நீக்கினார். கைமுட்டியை இருமுறை மடக்குவதை மட்டும் விட்டுவைத்தார். மாமி முட்டியை மடக்கினார். காரி ஓதத் தொடங்கினார். பின் பெருவிரலால் கணுக்களைத் தொட்டு மெல்ல எண்ணினார். பத்து, இருபது, 33. ஓதல் நிற்கவில்லை.